மலையைக் குடைந்த மனக்கணக்கு



என் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் பழுதான சைக்கிளைக் கொடுத்தால் கழற்றிப் பூட்டிவிடுவான். ஒருநாள் அவனை ‘மண்டு’ என்று திட்டிவிட்டேன். அன்றிரவு ஜேம்ஸ் பிரிண்ட்லியைப் பற்றிப் படித்ததும் வெட்கமாகிவிட்டது.

பிரிண்ட்லி இங்கிலாந்தில் ஆலை இயந்திரங்களைச் செய்தும் பழுதுபார்த்தும் பிழைத்தவர். எழுதப் படிக்கத் தடுமாறுவார். கணக்கெல்லாம் மனத்துக்குள்தான். அவரிடமே டிரெண்ட்–மெர்சி கால்வாய் வேலையை ஒப்படைத்தார்கள். வழியில் ஹேர்காசில் குன்று குறுக்கிட்டது. 1766-இல் வேலை தொடங்கியது. குன்றின் மேலிருந்து கிணறுகள் போல் குழிகள் இறக்கி, அவற்றின் அடியிலிருந்து இருபுறமும் குடைந்தார்கள். ஊறிய நீரை நீராவி இயந்திரம் இறைத்தது. 1772-இல் பிரிண்ட்லி காலமானார். 1777-இல்தான் 2,880 கஜ நீளச் சுரங்கம் முடிந்தது.

உள்ளே குதிரை நடக்க வழியில்லை. ஆட்கள் படகில் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்தே படகை நகர்த்தினார்கள்.

1824-இல் தாமஸ் டெல்போர்டு பக்கத்திலேயே இன்னொரு சுரங்கம் தொடங்கி, குதிரைப் பாதையோடு மூன்றே ஆண்டில் முடித்தார். அவரும் ஓர் ஆட்டிடையரின் மகன். கல்தச்சு வேலை பழகியவர். இன்றும் அதில் படகு போகிறது.

மறுநாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். அந்தப் பையன் எழுந்தான்: “சார், முதல் சுரங்கத்துல ஆளுங்க உதைச்சாங்க. குதிரை எப்படி அந்தப் பக்கம் போச்சு?”

“குன்று மேலே நடத்திக்கிட்டுப் போனாங்கப்பா.”

வேறு யாருக்கும் தோன்றாத கேள்வி அது. இப்போது தினமும் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். பெற்றோர்களே, இப்படியொரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.