விலங்கின் குறிப்பறிதல்

விலங்கு நடத்தை ஆலோசகர் என்னும் தொழிலினர் இக்காலத்துப் பல நாடுகளில் உளர். கடிக்கும் நாயையும் உதைக்கும் குதிரையையும் உடையார் அவரை நாடுவர். விலங்கினிடத்து அன்புடையார் எவர்க்கும் இத்தொழில் எளிதென நம் தோழர் சிலர் கருதுகின்றனர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். அன்பு வேண்டுவதே, ஆயினும் அன்புடையார் தாம் காண விழைவதையே கண்டுவிடுவர்.

பெர்லின் நகரத்து வான் ஆஸ்டன் என்னும் ஆசிரியரிடம் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கணக்கு வினவினால், விடைக்குரிய அளவு குளம்பினால் தரையைத் தட்டும். 1904-இல் ஆராய்ந்த குழுவினர் அதில் சூழ்ச்சி யாதும் காணவில்லை. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பார், வினவுவாரே விடையறியாதபோதும், அவரைக் குதிரை காண இயலாதபோதும் அது தவறுதலைக் கண்டார். உரிய எண் வந்ததும் வினவுவாரது தலை அவரறியாமலே சிறிது அசையும். குதிரை அதனை நோக்கித் தட்டுதலை நிறுத்தும். இம்முடிபு 1907-இல் நூலாயிற்று. கணக்கறியாத குதிரை மனிதரைப் படித்திருந்தது. மனிதரோ தம்மைப் படித்திலர்! ஆதலின் ஆலோசகர் விலங்கை நோக்குமளவு அதனை உடையாரையும் நோக்கல் வேண்டும்.

பாவ்லோவ், ஸ்கின்னர் முதலியோர் ஆராய்ந்த கற்றல் நெறிகளை நூல்களிற் பயிலலாம். வினவும் திறமோ அங்ஙனம் எளிதில் வாராது. ஆறாண்டு எம் இல்லத்து வளர்ந்த நாய் ஒருநாள் எம் தங்கையின் கையைக் கடித்தது. அவளுக்கு ஊசி போடுவித்தோம். நாயை ஊர்க்கப்பால் விட்டுவருமாறு பாட்டியார் பணித்தார். தங்கை உண்ணாது அழுதாள். தந்தையார் அழைக்க வந்த ஆலோசகர் நாயைத் தொடவே இல்லை. அதற்கு முகங்கொடாது ஒருபுறம் திரும்பியமர்ந்து, கடிக்குமுன் நிகழ்ந்தது யாது, பின் நிகழ்ந்தது யாது என அரைமணி வினவினார்.

"அதன் குணமே பொல்லாதது" என்றார் பாட்டியார்.

"குணம் இருக்கட்டும், அம்மா, அது செய்ததைச் சொல்லுங்கள்."

செவியைத் தடவியபோதே கடித்ததென்பதும், முன்னர் உறுமியதற்காக அடிபட்டதென்பதும் அப்போது வெளிப்பட்டன. உறுமலை அடித்தடக்கினால் நாய் எச்சரியாமலே கடிக்கத் தலைப்படும் என்று பொறுமையாக விளக்கினார், எவரையும் பழிக்கவில்லை. பயிற்சி ஒன்றும் கூறாது, முதற்கண் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினார். கட்டணம் பெறுவார் ஒருவர்க்கு இஃது எளிதன்று. செவியினுள் புண் இருந்தது.

அது ஆறுமளவும் நாயைத் தனியே வைத்திருக்கப் பாட்டியாரை இணங்குவித்ததே அவர்க்குப் பெரும்பாடாயிற்று. இப்போது அது பாட்டியாரின் கட்டிலடியிலே உறங்குகின்றது. தங்கை அதன் செவியை மட்டும் தொடுவதில்லை.