கொத்தமங்கலத்து மேண்டலின்

தங்கமணிக்குத் தெரியாம ஒரு மேண்டலின் வாங்கிட்டேன். (இதைப் படிச்சா தெரிஞ்சிடும், அதை அப்புறம் பாத்துக்கலாம்.)

கொத்தமங்கலத்துல ஒரு பெரிய வீட்டைப் பங்காளிங்க பிரிக்கிறாங்க, பரண்ல இருந்து "கிதாரு மாதிரி ஒண்ணு" இறங்கியிருக்குன்னு நண்பர் போன் பண்ணினார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைக்குப் போயிட்டா விலை ஏறிடுமேன்னு அன்னிக்கே வண்டியை எடுத்தேன்.

கிதார் இல்லைங்க. அரைப்பூசணி மாதிரி முதுகு புடைச்ச, இத்தாலி பாணி மேண்டலின். உள்ள ஒட்டின லேபிளைப் பூச்சி தின்னுருந்துச்சு. எட்டு தந்தியில அஞ்சுதான் மிச்சம், அதுவும் துரு. ஆச்சி 1,500 ரூபாய் கேட்டாங்க.

பழைய மேண்டலின் வாங்கப் போறவங்க பளபளப்பைப் பாக்காதீங்க. கழுத்தைப் பாருங்க. எட்டு தந்தியும் சுருதி ஏறினா ஐம்பது கிலோவுக்கு மேல இழுக்கும். வருஷக்கணக்கா அப்படி இழுத்தா கழுத்து வளைஞ்சு, தந்தி மேல தூக்கி, அமுக்கினா விரல் கிழியும். இதுல கழுத்து நேராத்தான் இருந்தது. ஆனா பிரிட்ஜுக்குப் பின்னாடி மேல்பலகை மடங்குற இடத்துல முடி அளவுக்கு ஒரு விரிசல். உள்ளுக்குள்ள சந்தோஷம்! இதைக் காட்டி ஐந்நூறு குறைக்கலாம்ல?

வாயைத் திறக்குறதுக்குள்ள ஆச்சி, "ஏய்யா, இதுல பாட்டு வருமா? எங்க அவுக ரங்கூன்ல இருந்து வரையில கொண்டாந்தது. நான் கேட்டு எத்தனையோ வருசமாச்சு"ன்னாங்க.

வசமா மாட்டிக்கிட்டேன். மேண்டலின்னா நம்ம எல்லாருக்கும் 2014-ல 45 வயசுலயே போயிட்ட உ. ஸ்ரீநிவாஸ்தான். அவர் வாசிச்சது எலெக்ட்ரிக். ஜோடித் தந்திகளை ஒத்தையாக்கி, அஞ்சாவதா ஒண்ணு சேத்துக்கிட்டார். கமகத்துக்குத் தந்தியை இழுக்கணும், ஜோடியா இருந்தா அது அவ்வளவு லேசுல நடக்காது. அவர் வாசிச்சதை நான் இந்தத் துருக்கம்பியில வாசிக்கிறதாவது! விரிசல் வேற. முறுக்குற முறுக்குல ஆச்சி கண்ணு முன்னாடியே பலகை பிளந்துட்டா?

நடுவுல டி, ஏ ரெண்டுலயும் ஒவ்வொரு தந்தி தப்பிச்சிருந்தது. ரொம்ப இறக்கி சுருதி சேத்தேன். கீழ்த்தந்தி சட்ஜமம்னா மேல்தந்தி பஞ்சமம், ஒரு ஸ்தாயிக்கு அதுவே போதும். எனக்கு ஒழுங்கா வர்றது ஒண்ணே ஒண்ணு. மாயாமாளவகௌளை, முதல் சரளி வரிசை. ரெண்டு தந்தியிலயும் அதே கட்டைங்கதான், குழந்தை கூட வாசிக்கும். பாட்டு கேட்டவங்ககிட்ட ஸரிகமபதநியான்னு கூச்சத்தோட ரெண்டு தடவை ஏறி இறங்கினேன்.

ஆச்சி கண்ணைத் துடைச்சிக்கிட்டு சிரிக்கிறாங்க. "இதேதான்யா! அவுகளும் இதைத்தான் வாசிப்பாக. இதுக்கு மேல ஒரு நாளும் போனதில்ல."

விரிசலைப் பத்திச் சொன்னேன், விலை குறைக்க இல்ல. "கடைத்தெருவுல இன்னும் கூடக் கொடுப்பாங்க ஆச்சி"ன்னும் சொல்லிட்டேன். "கடைக்காரன் வாசிப்பானாக்கும்?"னு கேட்டாங்க. பையில இருந்த 2,000-த்தை அப்படியே கொடுத்துட்டு வந்தேன்.

இப்போ அது என் அலமாரியில, புடவை அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி. இருக்கிறதுலயே மெல்லிசு தந்திதான் போடணும், அதுக்கு முன்னாடி விரிசலை ஒட்டணும். காரைக்குடி பக்கம் தந்தி வாத்தியம் பழுது பாக்குறவங்க யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே. ஃபெவிகால் யோசனை மட்டும் வேண்டாம் :-)