காசிமேட்டில் ஒரு குட்டிப் படகு

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். அந்தத் தூண் வரிசையைச் சற்று அண்ணாந்து பார்த்துவிட்டு வடக்கே நடையைக் கட்டினால், அப்புறம் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே வழிகாட்டி. காசிமேடு வந்துவிடும்.

வஞ்சிர மீனைப் பற்றி எழுத நான் அங்கே போகவில்லை. அந்த விஷயத்தில் என்னைவிட என் மாமியாருக்குத்தான் ஞானம் அதிகம். ஃபைபர் படகுகளைச் செப்பனிடும் இடத்தைப் பார்க்கப் போனேன். அங்கே மீன் வாசனையையும் மிஞ்சிக்கொண்டு ரெசின் நெடி அடித்தது.

"இன்னா தம்பி, படகு வாங்கப் போறியா?" என்றார் ஒரு பெரியவர்.

"இல்லீங்க ஐயா, சும்மா பார்க்கத்தான்."

"பாக்கறதுக்குக் காசு இல்ல, பாரு!"

அவர் காலடியில், பாதியாக அறுத்த நீல நிறப் பீப்பாயில் தண்ணீர். அதில் முழ நீளத்துக்கு ஒரு குட்டிப் படகு. மிச்சம் மீதிக் கண்ணாடி நாரையும் ரெசினையும் கொண்டு பன்னிரண்டு வயதுப் பேரன் செய்தது. இயந்திரத்துக்குப் பதிலாகப் பின்பக்கம் ஒரு கனத்த இரும்பு போல்ட் கட்டியிருந்தான். படகு ஜம்மென்று மிதந்தது. நான் பாராட்ட வாயெடுப்பதற்குள் தாத்தா ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு படகுக்குள்ளேயே ஊற்றிவிட்டார். 'குபுக்' என்று படகு அடியில் போய் உட்கார்ந்தது.

"சும்மா மெதக்கறது பெரிசில்ல. தண்ணி ரொம்பினாலும் மெதக்குதான்னு பாக்கணும்."

பையன் சளைக்கவில்லை. படகின் அடித்தளத்தில் தெர்மோகோல் துண்டுகளை நூலால் கட்டி மறுபடி விட்டான். மறுபடி தண்ணீர். இந்தத் தடவை மூழ்கவில்லை. ஆனால் தலைகீழாகக் கவிழ்ந்தது. லேசான பொருள் அடியில் இருந்தால் அது மேலே வரத்தானே பார்க்கும்? மூன்றாம் தடவை, இரு பக்க விளிம்புகளுக்குக் கீழே ஒவ்வொரு நீளத் துண்டும், போல்ட் இருக்கும் பின்பக்கம் ஒரு தடித்த துண்டும் வைத்துக் கட்டினான். தாத்தா குவளை குவளையாக ஊற்றினார். விளிம்பு வரை தண்ணீர். ஆனால் படகு நிமிர்ந்தபடியே நின்றது.

"தாத்தா, இப்போ?"

"இப்போ கடலுக்குப் போ!"

வாசகர்களே, விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தச் சோதனையில் ஒரு பழைய கதை அடங்கியிருக்கிறது. நம்முடைய கட்டுமரத்தைக் கவிழ்க்கலாம், மூழ்கடிக்க முடியாது. அது லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்தது. தண்ணீர் ஏறிக் கனத்துவிடாமல் இருக்க, கரைக்கு வந்ததும் அவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள். ஃபைபர் படகு வேகமானது, உளுக்காதது; ஆனால் கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த பலகை தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். இயந்திரமோ இரும்பும் அலுமினியமும். உள்ளே தண்ணீர் நிறைந்தால், கட்டுமரத்துக்குப் பிறவியிலேயே இருந்த குணம் இதற்கு இல்லை. அந்தக் குணத்தைத் திருப்பித் தருவதுதான் நுரை.

பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்றின் அளவு, அதாவது சுமார் 18 லிட்டர் நுரையை எடுத்துக்கொள்ளுங்கள். எடை அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும். கடல்நீரில் அமுக்கினால் 17 கிலோவுக்கு மேல் தாங்கும்!

ஆனால் எந்த நுரையும் உதவாது. பையன் முதலில் தெர்மோகோல்மீது நேராக ரெசினைத் தடவினானாம். பஞ்சு மிட்டாய் நாக்கில் கரைவதுபோல் கரைந்துபோயிற்றாம். பெட்ரோல் பட்டாலும் அதே கதிதான். ஆகையால் பெரிய படகுகளுக்குப் பாலியூரிதேன் நுரை நல்லது. இரண்டு திரவங்களைக் கலந்தால் இட்லி மாவுபோல் பொங்கி இறுகிவிடும். ரெசினுக்கும் பெட்ரோலுக்கும் அது அவ்வளவு எளிதில் மசிவதில்லை. அதையும் தண்ணீர் புகாமல் மூடி வைக்க வேண்டும். கட்டுமரத்தைப்போல் அவிழ்த்துக் காயவைக்க முடியாதல்லவா?

நுரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. வீட்டிலேயே செய்து பாருங்கள். ஓர் அட்டையை வளைத்தால் வளையும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே தெர்மோகோலை வைத்து ஒட்டி, காய்ந்ததும் வளைத்துப் பாருங்கள், முறைத்துக்கொண்டு நிற்கும். படகின் அடியிலும் நுரைப் பட்டைகளை நீளவாக்கில் பதித்து, மேலே நாரும் ரெசினும் போர்த்துகிறார்கள். நுரை வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. நார் பலத்தைத் தருகிறது. கனம் கூடாமல் படகு விறைப்பாகிறது.

"எல்லாப் படகிலும் நுரை உண்டா?" என்று கேட்டேன். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத சாமான் தம்பி. காசைக் கொறைக்கணும்னா மொதல்ல அதுலதான் கை வைப்பாங்க. ஐஸ் வைக்க எடம் பத்தலன்னு எடுத்துப் போட்டவங்களும் உண்டு. அப்பிடி ஒரு படகுல நான் போனேன். ராத்திரி அலை அடிச்சி ரொம்பிடுச்சி. மூக்கு மட்டும் வெளிய நின்னுச்சி. அதப் புடிச்சிக்கினு கெடந்தோம். மூணு பேரு போனோம். ரெண்டு பேரு வந்தோம்."

பையனின் படகுக்குள் அவர் ஏன் அவ்வளவு மும்முரமாகத் தண்ணீர் ஊற்றினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

இந்த எச்சரிக்கை புதிதல்ல. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்குச் சென்னைதான் தலைமையிடமாக இருந்தது. அலை மோதும் மணற்கரையில் ஏறி இறங்கும் படகுகளை 1980-களில் அதன் நிபுணர்கள் வடிவமைத்தார்கள். சிறு படகுகளில் நுரை வைப்பதன் அவசியத்தையும் எடுத்துச் சொன்னார்கள். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்வது கட்டுபவர் பொறுப்பு. கேட்டு வாங்குவது வாங்குபவர் பொறுப்பு.

அங்கிருந்து பஸ் ஏறித் திருவொற்றியூர் வந்தேன். 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது இந்த ஊரில்தான். அதுவே பிற்பாடு எம்.ஆர்.எஃப். ஆயிற்று. நுரையும் பலூன் சமாசாரம்தான் என்று தோன்றியது. ஒரே பெரிய காற்றுப் பெட்டியைப் படகில் வைத்தால், ஒரு கீறலில் எல்லாம் போயிற்று. நுரையிலோ கோடிக்கணக்கான குட்டி பலூன்கள். நாலு உடைந்தாலும் மற்றவை கைவிடா.

பொழுது சாயும் வேளையில் எண்ணூர் முகத்துவாரம் போய்ச் சேர்ந்தேன். தூரத்தில் துறைமுகத்தின் விளக்குகள். கிட்டத்தில் கரையேற்றிய ஃபைபர் படகுகள். ஒரு படகின் விளிம்புக்குக் கீழே விரலால் தட்டினேன். 'டொங்' என்று வெறும் கூடாக ஒலித்தது. அடுத்ததைத் தட்டினேன். 'தப்' என்று அடங்கிய சத்தம். உள்ளே ஏதோ நிறைந்திருக்கிறது.

"இன்னா சார் தட்டறே?" என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்.

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தம்முடைய படகைத் தட்டிப் பார்த்தார்.