துறட்டியின் எஞ்சின்

துறட்டு என்ற சொல்லுக்குச் சிக்கல், தொல்லை என்றும் பொருள் உண்டு. வளைந்த இரும்பை முனையில் பூட்டிய நீண்ட கழி துறட்டி, பேச்சில் தொரட்டி. ஆட்டுக்குக் குழை இழுக்கவும், முருங்கைக்காய் பறிக்கவும், புளியம்பழம் உதிர்க்கவும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒன்று கூரையோரம் சாய்ந்திருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. இன்று அந்தக் கழியின் மேல்முனையில் சங்கிலி ரம்பத்தையும் கீழ்முனையில் பெட்ரோல் எஞ்சினையும் பொருத்தி விற்கிறார்கள். கடைக்காரர்கள் அதை ஆங்கிலப் பெயரால் அழைக்கிறார்கள். எங்கள் தோப்பில் அதற்கு மிஷின் தொரட்டி என்றே பெயர். சொல்லின் இரண்டு பொருளும் அதற்குப் பொருந்தும் என்பதைப் போன ஆடி மாதத்தில் கண்டோம்.

அழகர்மலை அடிவாரத்தில், மேலூர் பக்கமாக, அப்பா வைத்துச் சென்ற மாந்தோப்பு எங்களுடையது. பெரும்பாலும் கல்லாமை, வரப்போரம் சில காசா லட்டு. நாங்கள் அண்ணன் தம்பி இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவர். மற்றவர் வங்கியில் கணக்குப் பார்க்கிறவர். (எஞ்சினைப் பற்றி எழுத எங்களுக்குள்ள தகுதி இதிலிருந்தே விளங்கும்.) காய் இறங்கியபின் ஆடி, ஆவணியில் கவாத்து செய்தாக வேண்டும். ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் காய்ந்த கிளைகளையும் நீக்கி மரத்தின் நடுவே வெயில் இறங்க வழி செய்தால், வடகிழக்கு மழைக்கு முன்னே தளிர்விட்டு, முற்றி, தையில் அந்தத் தளிர்நுனியிலேயே பூ வைக்கும். தள்ளிப்போனால் தளிர் முற்றாது. இலை மட்டும் செழித்து நிற்கும். மாமரத்துக்கு நாள்காட்டி தெரியும். நம் வசதியைக் கேட்டு அது காத்திருப்பதில்லை.

முப்பது ஆண்டுகளாக அந்தக் கவாத்தைச் செய்தவர் ஒருவரே. திருப்பாச்சேத்தி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிறு ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவார். நாங்கள் அவரை அண்ணே என்போம்; அவருக்கு நாங்கள் இருவருமே தம்பி. 2019இல், வேறொருவர் நிலத்துப் புளியமரத்திலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பு முறிந்தது. எழுந்து நடமாட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஊரில் மரமேறும் இளைஞர் வேறெவரும் இல்லை. அவர்கள் ஏற வேண்டும் என்று சொல்லும் துணிவு எங்களுக்கும் இல்லை. 2021இல் மிஷின் தொரட்டியை வாங்கினோம். தரையில் நின்றபடியே அவர் அதைப் பழகிக்கொண்டார். எங்கள் வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்துத் தோப்புகளுக்கு எடுத்துப் போவார். அந்தக் கூலி அவருடையது. பேத்தியின் கல்லூரிக் கட்டணம் அந்த எஞ்சினின் சத்தத்தில்தான் இருக்கிறது என்று அவர் ஒருமுறை சொன்னதில் மிகை ஏதும் இல்லை.

அந்தச் சத்தம் போன ஆடியில் நின்றுபோயிற்று. கயிற்றை இழுத்தால் உயிர் வரும். சோக்கைத் தள்ளிய கணமே அணையும். சோக்கை அரைவாசியில் பிடித்துக்கொண்டு ஓடவிட்டாலும், ரம்பம் கிளையைத் தொட்டதும் விக்கி நின்றுவிடும். பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், சிலிண்டர் போயிருக்கும், எஞ்சினை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை புதிய இயந்திரத்தின் விலையில் பாதிக்கு மேல்.

மறுநாள் காலை அண்ணன் எங்கள் வாசலில் நின்றார். தோளில் கயிறு, இடுப்பில் அரிவாள். "பெரிய மரம் நாலுதானே தம்பி, நானே ஏறிடுறேன்" என்றார். வேண்டாம் என்றோம். "மழைக்கு முன்ன வெட்டலைன்னா தையில பூவு எங்கிட்டிருந்து வரும்?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கேள்வி சரியானது என்பதே எங்கள் சங்கடம். எஞ்சினைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற்றி மதுரைக்குப் புறப்பட்டோம்.

மதுரையில் இரு வீச்சு எஞ்சின் அறிந்த கைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1911இல் இங்கே தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் பெயர் தாங்கிய மொபெட், டி.வி.எஸ். 50, 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. பால்காரர், கீரைக்காரர், கோழி வியாபாரி என்று தென்மாவட்டங்களின் பாதிச் சுமையைச் சுமந்தது அந்த வண்டி. அதைப் பிரித்துப் பூட்டியே வளர்ந்த தலைமுறை ஒன்று தெருவுக்கொரு கொட்டகையில் இருந்தது. 2015இல் நான்கு வீச்சு எக்ஸ்.எல். 100 வந்ததும், புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும், அந்தக் கைகளுக்கு வேலை குறைந்தது. தெப்பக்குளத்துக்கு அருகே அப்படி எஞ்சியிருக்கும் கொட்டகை ஒன்றில்தான் பாயைக் கண்டோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

அவர் முதலில் செய்தது எங்களை வியக்க வைத்தது. எஞ்சினைக் கழியிலிருந்து பிரித்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு, எஞ்சினை அந்தரத்தில் தொங்கவிட்டார். அது கிடுகிடுவென்று இறங்கவில்லை. ஒரு மூச்சு நின்று, சற்று இறங்கி, மறுபடி நின்று, படிக்கட்டில் முதியவர் இறங்குவதுபோல் இறங்கிற்று. "கம்ப்ரஷன் இருக்கு சார். சிலிண்டர் போச்சுன்னு யார் சொன்னா?" என்றார். பிறகு சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியே டார்ச் அடித்துக் காட்டினார். பிஸ்டனின் பக்கம் கீறல் இன்றி மங்கிய வெள்ளியாக இருந்தது. எண்ணெய் போதாமல் எரிந்த எஞ்சினாக இருந்தால் அங்கே நெடுக்குவாட்டில் கோடுகள் விழுந்திருக்குமாம். எஞ்சின் முழுதும் போயிற்று என்ற தீர்ப்பு இரண்டே சோதனைகளில், ஐந்து நிமிடத்தில், தள்ளுபடியாயிற்று.

இந்த எஞ்சினின் எளிமையைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே வகுத்த அமைப்பு இது. வால்வுகள் இல்லை. பிஸ்டன் மேலேறும்போது கீழறைக்குள் காற்றும் பெட்ரோலும் உறிஞ்சப்படும். கீழிறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு மேலறைக்குப் பாயும். மூச்சு இழுப்பதும் விடுவதும் ஒரே அசைவின் இரு முகங்கள். கீழறை வழியே கலவை போவதால் அங்கே தனியாக எண்ணெய் நிரப்ப இயலாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்தாக வேண்டும். எங்கள் இயந்திரத்துக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. அந்த எண்ணெய் சேராத பெட்ரோல் ஒரு கோப்பை போதும், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும் பிஸ்டனை உருக்கிப் பிடிக்க.

பாய் அடுத்து கார்புரேட்டரைப் பிரித்தார், பிரித்ததும் சிரித்தார். மொபெட் கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் மிதவை ஒன்று மிதந்து பெட்ரோல் அளவைக் காக்கும். இதில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. சாய்த்தும் தூக்கியும் பிடிக்கும் இயந்திரத்தில் மிதவை எப்படி மிதக்கும்? அதற்குப் பதிலாக மெல்லிய சவ்வுகள். எஞ்சினின் கீழறையில் உண்டாகும் அழுத்தத் துடிப்பே ஒரு சவ்வை அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. இன்னொரு சவ்வு அதை அளந்து விடுகிறது. தன் நாடித்துடிப்பாலேயே தனக்கு உணவூட்டிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பார்த்தபோது, வகுப்பறையில் உவமை தேடி அலையும் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. சவ்வைப் பாய் விரலால் மடக்கினார். பட்டுப்போல் மடங்க வேண்டியது பழைய எக்ஸ்ரே படலம்போல் மொடமொடத்தது. பெட்ரோல் தொட்டிக்குள் போகும் குழாயும் வளைவில் விரிசல் விட்டிருந்தது. பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து இழுத்தால் எந்த எஞ்சின்தான் விக்காது!

காரணம் எத்தனால் என்றார் பாய். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வடிக்கும் அந்தச் சாராயத்தைப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு கலப்பது 2023இல் தொடங்கி, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. இறக்குமதிச் செலவு குறைவதும் கரும்பு விவசாயிக்குக் காசு சேர்வதும் நல்லவையே. ஆனால் இத்தகைய சிறு எஞ்சின்களின் கையேடுகளில் பெரும்பாலானவை பத்துப் பங்குக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ரப்பரை விறைக்க வைக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஈரம் மிகுந்தால் நீரும் சாராயமும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். வடிகட்டி கிடப்பதும் அடியில்தான். நாம் கலந்த எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நிற்கும். தினம் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு இது பெரிய தொல்லை அன்று. ஆண்டில் இரண்டு மாதம் ஓடிப் பத்து மாதம் உறங்கும் இயந்திரத்துக்கு நஞ்சு. வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைக்க வேண்டும் என்பது பாய் சொன்ன மருந்து. இப்போது அப்படியே செய்கிறோம்.

சவ்வுகளுக்காகத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அரைநாள் அலைந்தோம். எந்த இயந்திரத்தின் எந்த உறுப்பும் அங்கே சாக்கு விரிப்பில் கிடக்கும் என்பது மதுரைக்காரர்களின் நம்பிக்கை. பெரும்பாலும் அது பொய்ப்பதில்லை. குழாய் கிடைத்தது; சவ்வு கிடைக்கவில்லை. கோவையிலிருந்து பார்சலில் வரவழைத்தோம். நான்கு நாள். அந்த நான்கு நாளும் அண்ணன் தினமும் தொலைபேசியில் கேட்டார். கேட்டதைவிட, நடுநடுவே அவர் மௌனமாக இருந்ததே எங்களை அச்சுறுத்தியது.

சவ்வும் குழாயும் மாற்றிய பிறகும் முழு வேகத்தில் எஞ்சின் திணறிற்று. சைலன்சரின் வாயில் தீப்பொறி தடுக்கும் சின்னஞ்சிறு வலை ஒன்று உண்டு; அதன் கண்களைக் கரி அடைத்திருந்தது. உள்ளே போன மூச்சுக்கு வெளியேற வழியில்லை. பாய் அதை அடுப்பில் சுட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்தார். பிளக்கையும் துடைத்தார். அதன் முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து நனைந்திருந்தால் மிகுதி. நாக்கைப் பார்த்து நோய் சொல்லும் பழைய வைத்தியர்களின் கலை இப்படிக் கொட்டகைகளில் பிழைத்திருக்கிறது. முழுக்கூலியாக அவர் கேட்டது, பழுதுநிலையம் சொன்னதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

ரம்பத்தின் கதை தனி. 1946இல் அமெரிக்காவின் ஆரெகன் பகுதியில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிமரம் ஒன்றில் வண்டுப்புழு மரத்தை அரிப்பதைப் பார்த்தார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறிமாறிச் சீவின. அதைப் போலவே இடப்பல்லும் வலப்பல்லும் அடுத்தடுத்து வைத்த சங்கிலியை அவர் செய்தார். இன்றைய சங்கிலி ரம்பங்கள் யாவும் அதன் வழிவந்தவை. நம் மாமரத்தின் தண்டைக் குடைந்து கொல்லும் தண்டுத்துளைப்பானும் அதே நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்த புழுதான். புழு அரித்த கிளையை, அதன் உறவினரிடம் கற்ற பல்லால் வெட்டுகிறோம். பல் மழுங்கினால் மரம் சீவலாக விழாமல் மாவாக உதிரும். அப்போது நிறுத்தி, 4 மில்லிமீட்டர் உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே எண்ணிக்கையில் தீட்ட வேண்டும்.

"இடையன் வெட்டு அறா வெட்டு" என்பார்கள். ஆட்டுக்காகக் கிளையை முழுதும் துண்டிக்காமல், பட்டை பிடித்துத் தொங்கும்படி வெட்டுவது இடையரின் வழக்கம். கிளை பட்டுப்போகாமல் மறுபடியும் தழைக்கும். கவாத்துக்கு அது ஆகாது. மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை பாதியில் முறிந்து, தாய்மரத்தின் பட்டையை நெடுகக் கிழித்துக்கொண்டு விழும். முதலில் அடியில் ஒரு சிறு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து முழு வெட்டு, கடைசியில் மிஞ்சிய முளையைக் கழுத்தோடு சீவ வேண்டும். அண்ணன் இதை எந்தக் கையேட்டிலும் படித்தவர் அல்லர். அரிவாள் காலத்திலேயே அப்படித்தான் வெட்டினார்.

ஆடி கடைசி வாரத்தில் எஞ்சின் தோப்புக்குத் திரும்பிற்று. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அரிவாளையும் கயிற்றையும் மோட்டார் அறையின் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். பதினைந்து மீட்டருக்குள் யாரும் நிற்கக்கூடாது என்று எங்களையும் விரட்டினார். ஒன்பது நாளில் வேலை முடிந்தது, கிழக்கு வரப்பில் மின்கம்பியை ஒட்டி நிற்கும் இரண்டு காசா மரங்களைத் தவிர. கழி உலோகத்தாலானது, அங்கே அதைத் தூக்கக்கூடாது என்பதில் மூவரும் உறுதியாக இருந்தோம். மின்சாரத்தை நிறுத்தித் தர எழுதிக்கொடுத்து, நாள் வாங்கி, ஆவணி இரண்டாம் வாரத்தில் அவற்றையும் வெட்டினோம். அதற்கு மறுநாளே அண்ணன் மிஷினை எடுத்துக்கொண்டு நத்தம் பக்கம் ஒரு தோப்புக்குப் போய்விட்டார்.