எட்டுக் குதிரையில் சிதம்பரம்!

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர் சொச்சம். அக்கா மகன் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போனால், தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் இரண்டு ரவுண்டு சொல்லி முடிக்கலாம்!

பையனுக்கு 18 முடிந்து எல்.எல்.ஆர். வந்தாச்சு. வண்டி என்னுடைய 100 சி.சி. முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பாக 'எல்'. கற்றுக்கொள்பவர் கூட லைசென்ஸ் உள்ளவர் இருக்கணும். அவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்காரணும் என்பது விதி. பைக்கில் அது எந்த இடம்? எழுதிய புண்ணியவானைத்தான் கேட்கணும். என் கைக்கு எட்டிய ஒரே பிரேக், அவன் தோள்பட்டை!

மஞ்சக்குப்பம், கெடிலம் பாலம், முதுநகர் நெரிசல். இரண்டு முறை எஞ்சின் நின்றது; மற்றபடி பரவாயில்லை. ஆலப்பாக்கம் தாண்டி, நான்கு வழிச் சாலையில் 'சர்ர்ர்'ரென்று ஒரு பெரிய பைக் எங்களைக் கடந்தது.

"மாமா, லைசென்ஸ் வந்ததும் எனக்கு 390 சி.சி. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்!"

புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தச் சொன்னேன்.

"சட்டப்படி தப்பா மாமா?"

தப்பில்லை. அதுதான் சங்கடமே! 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் சின்னப் பசங்களுக்கு இருப்பது ஒரே படி: 16 வயதில் 50 சி.சி. வரை ஓட்டலாம். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த காலத்துக்கு அது சரி. இன்றைக்கு அந்த வம்சமே 100 சி.சி. ஆகிவிட்டது. ஷோரூமில் போய் 50 சி.சி. பெட்ரோல் வண்டி கேட்டால், மியூசியத்துக்கு வழி சொல்வார்கள். 18 ஆனால்? 100 சி.சி.யில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர், மறுநாளே 1000 சி.சி.யில் ஏறலாம்!

இங்கிலாந்தில் படிப்படியாகத்தான். 17 வயதில் 125 சி.சி.; 19-ல் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரை சக்தி. அதற்கு மேல் வேண்டுமா? 24 ஆகணும். நடுப்படியில் இரண்டு வருஷம் ஓட்டியிருந்தால் 21.

"என் வண்டி எட்டுக் குதிரைடா. நீ கேட்கிறது நாற்பதுக்கு மேல. முதல்ல எட்டை மேய்ச்சுப் பழகு."

"மெதுவா முறுக்கினா போச்சு மாமா!"

கொத்தட்டை சுங்கச்சாவடியில் டூவீலருக்குக் காசில்லை. பி.முட்லூர் பக்கம் திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்! ஆட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. ஆடு எங்களை முறைத்துவிட்டுப் போனது.

"ஐம்பதுல வந்தோம்... நூறுல வந்திருந்தா?" என்றான் பையன், தானாகவே.

"வேகம் ரெண்டு மடங்குன்னா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு."

வெள்ளாற்றுப் பாலம் வரை பேச்சே இல்லை.

சிதம்பரத்தில் இட்லி கொத்சு முன்னால் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு வருஷம் 100 சி.சி., அப்புறம் 150. பெரிய பைக்? சொந்தச் சம்பளம் வந்த பிறகு. சட்டம் கட்டாத படியை நாங்களே கட்டிக்கொண்டோம்.

லைசென்சும் வந்துவிட்டது. அக்காவுக்கு இப்போது ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வருகிறதாம். எனக்கும் வருகிறது... காலையில், ஆபீஸ் பஸ்ஸில். அந்த 100 சி.சி. என்னுடையது அல்லவா!