பச்சை நரகத்தில் ஒரு பாடம்

மோட்டார் வண்டி வாங்கப் புறப்படும் கிருகஸ்தரிடம் விற்பனையாளர் முதலில் சொல்வது குதிரைகளின் கணக்கைத்தான். "இந்த வண்டியில் 184 குதிரை, ஸார்! அதோ, அந்த வண்டியில் 258!" என்கிறார். தாத்தா காலத்து ஜட்காவை ஒற்றைக் குதிரை இழுத்துக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவர் நம் கிருகஸ்தர். ஆகையால், 258 குதிரைகளுக்கு ஏக காலத்தில் சொந்தக்காரராகப் போகிறோமே என்று பூரித்துப் போகிறார். அத்தனை குதிரைகளும் ஒரு வளைவில் திரும்பச் சொன்னால் திரும்புமா என்று அவர் கேட்பதில்லை. விற்பனையாளரும் தாமாகச் சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே ஜெர்மனி தேசத்தில் ஓர் ஊர் இருக்கிறது. கொலோன் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் ஐஃபல் என்னும் மலைப் பிரதேசம் வருகிறது. பழைய எரிமலைகளின் நாடு அது. அங்கே காடு அடர்ந்த குன்று ஒன்றின் மேல் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இடிந்த நிலையில் நிற்கிறது. கோட்டைக்குப் பெயர் நூர்புர்க். அதன் காலடியில் உள்ள சிற்றூருக்கும் அதே பெயர்தான். கோட்டையையும் ஊரையும் சுற்றி, ஒரு பெரிய மலைப் பாம்பு படுத்திருப்பது போல், 20.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சாலை வளைந்து கிடக்கிறது. மோட்டார் உலகத்தில் பிரசித்தி பெற்ற நூர்புர்க்ரிங் பந்தயச் சாலையின் வடக்கு வளையம் இதுதான்.

பஞ்சத்தில் பிறந்த சாலை

முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஐஃபல் பிரதேசத்தில் தரித்திரம் தாண்டவமாடியது. நிலம் வளமற்றது, தொழிற்சாலைகள் இல்லை, வேலையில்லாதவர்களோ ஏராளம். அப்போது ஆடெனாவ் ஜில்லாவின் தலைமை அதிகாரியாக இருந்த ஓட்டோ கிராய்ட்ஸ் என்பவர் பந்தயச் சாலை ஒன்று அமைக்கும் திட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். 1925-ம் வருஷம் வேலை ஆரம்பமாயிற்று. ஆயிரக் கணக்கான தொழிலாளர்கள் மலையை வெட்டிச் சாலை போட்டார்கள். 1927-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் பந்தயங்கள் நடந்தன. ஜூன் 19-ந் தேதி நடந்த கார்ப் பந்தயத்தில் மெர்ஸிடிஸ் வண்டியில் வந்த ருடால்ப் கராச்சியோலா ஜயித்தார்.

மற்றப் பந்தய மைதானங்களைப் போல் இது சமதரையில் போட்ட வட்டம் அல்ல. மலை எப்படிப் போகிறதோ அப்படியே சாலையும் போகிறது. மிகத் தாழ்ந்த இடத்துக்கும் மிக உயர்ந்த இடத்துக்கும் மத்தியில் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கிறது. எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. "ஃப்ளுக்ப்ளாட்ஸ்" என்னும் மேட்டில் வேகமாக வரும் வண்டியின் சக்கரங்கள் தரையை விட்டே எழும்பிவிடும். "ஃபுக்ஸ்ரோயரே" என்றால் நரிப் பொந்து. அங்கே சாலை தலைகுப்புற இறங்கி, அடுத்த கணமே மேலே ஏறுகிறது. "கருஸெல்" என்னும் ராட்டினத்தில் வண்டி ஒருபுறம் சாய்வாக அமைந்த கான்கிரீட் பள்ளத்துக்குள் விழுந்து, எலும்பெல்லாம் குலுங்கச் சுற்றி வந்து, மறுபுறம் துள்ளி எழுகிறது. சாலையின் ஒரு பக்கத்தில் வெயில் காயும்போது மறுபக்கத்தில் மழை கொட்டுவதும் உண்டு. ஸ்காத்லாந்து தேசத்துப் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டுவர்ட் இதற்குப் "பச்சை நரகம்" என்று நாமகரணம் செய்தார். இங்கே மூன்று தடவை ஜெர்மன் கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் வெற்றி பெற்றவர் வைத்த பெயர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்!

நரகம் என்றது வெறும் அலங்காரமும் அல்ல. 1976-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி நிக்கி லாவுடாவின் வண்டி இங்கே மோதித் தீப்பற்றியது. சக வீரர்கள் நால்வர் தீக்குள் புகுந்து அவரை வெளியே இழுத்தார்கள். அந்த வருஷத்துடன் இந்தச் சாலையில் கிராண்ட் ப்ரீ பந்தயங்கள் நின்றுபோயின.

குதிரைகள் தோற்ற நாள்

ஆனால் நம்முடைய கேள்விக்குப் பதில் கிடைத்தது 1935-ம் வருஷம் ஜூலை 28-ந் தேதியன்று. அன்று இங்கே ஜெர்மன் கிராண்ட் ப்ரீ பந்தயம் நடந்தது. அப்போது ஜெர்மனியை ஆண்டது ஹிட்லரின் ஆட்சி. தங்கள் இனமே உலகத்தில் உயர்ந்தது என்பதை ஒவ்வொரு துறையிலும் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த ஆட்சியாளர்களின் வெறி. மோட்டார்ப் பந்தயத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகிய இரண்டு கம்பெனிகளுக்கும் ஸர்க்கார் பணம் கொடுத்து உற்சாகப்படுத்தியது. அந்தக் கம்பெனிகளின் ஒன்பது வண்டிகள் அன்று களத்தில் இறங்கின.

அவற்றை எதிர்த்து வந்த முக்கியமான வீரர் இத்தாலியரான டாஸியோ நுவொலாரி. குள்ளமான, மெலிந்த மனிதர், வயது நாற்பத்திரண்டு. அவருடைய ஆல்பா ரோமியோவோ பழைய வண்டி. அதை அனுப்பியவர் பிற்காலத்தில் சொந்தப் பெயரிலேயே வண்டிகள் செய்து புகழடைந்த என்ஸோ ஃபெராரி. ஜெர்மன் வண்டிகளுக்கும் இந்த வண்டிக்கும் ஏறக்குறைய நூறு குதிரை வித்தியாசம் இருந்தது. நேர்ச் சாலையில் ஓட்டினால் நுவொலாரிக்குப் புழுதியைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிராது.

ஆனால் சாலை நேராக இல்லையே! மழையில் நனைந்திருந்தது வேறு. ஒவ்வொரு வளைவிலும் ஜெர்மன் வண்டிகளின் குதிரைகள் சும்மா இருக்க வேண்டியதாயிற்று. அவிழ்த்துவிட்டால் பின் சக்கரங்கள் வழுக்கும். நுவொலாரியின் வண்டி அவர் நினைத்த இடத்தில் நினைத்தபடி திரும்பியது. அவர் முன்னணிக்கு வந்தார். பிறகு பெட்ரோல் போட நின்றபோது பம்பு கெட்டுப்போய்விட்டது. டின்களிலிருந்து பெட்ரோலை ஊற்றிப் புறப்படுவதற்குள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் கழிந்தது. ஆறாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார். வேறொருவராயிருந்தால் மனம் உடைந்திருப்பார். அவரோ மறுபடியும் ஒவ்வொருவராகப் பிடித்தார்.

இருபத்திரண்டாவது, அதாவது கடைசிச் சுற்று ஆரம்பமானபோது முன்னால் போனவர் மெர்ஸிடிஸ் வீரர் ஃபொன் பிரௌகிட்ஷ் ஒருவரே. இருவருக்கும் இடையே அரை நிமிஷத்துக்குச் சற்று அதிகமான தூரம். அந்தச் சுற்றில் மெர்ஸிடிஸ் வண்டியின் பின் டயர் வெடித்தது. நுவொலாரி வென்றார். இரண்டாவதாக வந்ததும் ஜெர்மன் வண்டி, மூன்றாவதாக வந்ததும் ஜெர்மன் வண்டி! வெற்றி விழாவுக்கு இத்தாலிய தேசிய கீதத்தின் இசைத்தட்டைக்கூடத் தயாராக வைத்திருக்கவில்லை என்று ஒரு கதை இன்றைக்கும் வழங்குகிறது.

"டயர் வெடித்தது அதிர்ஷ்டந்தானே?" என்று சிலர் கேட்கலாம். பாதி உண்மை. ஆனால் டயர் ஏன் வெடித்தது? பின்னால் ஒருவர் விடாமல் துரத்தி வந்தார். கனத்த வண்டியின் குதிரைகளெல்லாம் சேர்ந்து ரப்பரைத் தின்றுகொண்டே வந்தன. குதிரைகளுக்குத் தீனி பெட்ரோல் மட்டும் அல்ல. டயரும் பிரேக்கும் அவற்றுக்குத் தீனிதான்.

குடும்ப வண்டிக்குக் கணக்கு

பந்தய வீரர்களின் சமாசாரம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் நூர்புர்க்ரிங்கில் இன்று மிகுதியாகப் பரீட்சைக்கு வருபவை வீட்டு வண்டிகளே. நாலு கதவுகள், ஐந்து பேருக்கு இடம், சாமான் வைக்கப் பின்பெட்டி, கூடவே கொஞ்சம் சுறுசுறுப்பு: இப்படிப்பட்ட நடுத்தர அளவு ஸ்போர்ட்ஸ் ஸெடான்களைக் கம்பெனிகள் இங்கே கொண்டுவந்து ஓட்டி, ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் திருத்துகின்றன.

2016-ம் வருஷம் ஆல்பா ரோமியோவின் ஜூலியா க்வாத்ரிஃபோலியோ என்னும் ஸெடான் 7 நிமிஷம் 32 விநாடியில் இந்தச் சாலையைச் சுற்றி வந்தது. அதற்கு 510 குதிரை. சாதுவான வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள்! ஆனாலும் அதைச் செய்தவர்கள் குதிரையோடு நிற்கவில்லை. மேற்கூரை, முன்மூடி, பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டு போகும் தண்டு ஆகியவற்றைக் கார்பன் நாரினால் செய்து எடையைக் குறைத்தார்கள். பாரம் முன் சக்கரங்களின் மேலும் பின் சக்கரங்களின் மேலும் ஏறக்குறையச் சரிபாதியாக விழும்படி அமைத்தார்கள்.

அடுத்த வருஷம் ஜாகுவார் கம்பெனியின் எக்ஸ்.ஈ. ப்ராஜக்ட் 8 என்னும் ஸெடான் 600 குதிரைகளுடன் வந்து, 7 நிமிஷம் 21 விநாடியில் முடித்தது. "பார்த்தீர்களா, குதிரை ஜயித்துவிட்டது!" என்று சொல்ல வேண்டாம். கணக்கைப் பாருங்கள். குதிரைகள் நூற்றுக்குப் பதினேழு வீதத்துக்கு மேல் அதிகம். நேரத்தில் மிச்சமானதோ நூற்றுக்கு இரண்டரை வீதங்கூட இல்லை. சராசரி வேகம் மணிக்கு 164 கிலோமீட்டரிலிருந்து 168 ஆயிற்று, அவ்வளவுதான். அந்த நாலு கிலோமீட்டருக்காக வண்டியின் பின்னால் ஒரு பெரிய இறக்கையும் முளைத்தது. 2025-ம் வருஷம் சீன தேசத்து ஷியோமி கம்பெனியின் மின்சார ஸெடான் 1,548 குதிரைகளுடன் வந்து 7 நிமிஷம் 5 விநாடிக்குள் சுற்றியது. குதிரைகள் ஆல்பாவைப் போல் மூன்று பங்கு. மிச்சம் பிடித்தது சுமார் அரை நிமிஷம்!

இதன் காரணம் மர்மம் ஒன்றும் அல்ல. வேகம் ஏற ஏற, வண்டியை எதிர்த்து நிற்பது காற்று. உச்ச வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்துவதற்குக் குதிரைகளை மூன்றில் ஒரு பங்கு உயர்த்த வேண்டும். வளைவிலோ குதிரைக் கணக்குக்கு இடமே இல்லை. அங்கே வண்டியைப் பிடித்து வைத்திருப்பது நாலு டயர்கள், ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு இடத்தில். அந்த நாலு உள்ளங்கைகளையும் தரையை விட்டு எழும்பாமல் அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங்குகளும் டாம்பர்களும். வண்டியின் கனம் கூடினால் அவற்றின் கஷ்டமும் கூடுகிறது. பெரிய எஞ்சின் மூக்கில் கனத்தால், திரும்பச் சொன்ன வண்டி முரட்டு மாடு மாதிரி நேரே போகப் பார்க்கும்.

என்ன வாங்கலாம்?

குதிரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறியிருக்க, எதிரில் வண்டி வருவதற்குள் ஒரு லாரியைத் தாண்ட வேண்டியிருக்கிறதே, அப்போது சக்தி இல்லாவிட்டால் பிராணனுக்கே ஆபத்து. மலை ஏற்றத்திலும் அப்படித்தான். ஆனால் அதற்குப் போதுமான அளவு என்று ஒன்று உண்டு. பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 2019-ம் வருஷம் ஐரோப்பாவில் விற்பனைக்கு விட்ட மூன்றாம் வரிசை ஸெடான்களில், ஒரே உருவத்துக்கு 184 குதிரை எஞ்சினும் உண்டு. 258 குதிரை எஞ்சினும் உண்டு. இரண்டும் ஒரே கூட்டில் பிறந்தவை. இப்படித் தேர்ந்தெடுக்க நேரும்போது, பெரிய எஞ்சினுக்குக் கொடுக்கும் அதிகப் பணத்தில் கொஞ்சத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் செலவிட்டால், வண்டி வளைவில் சொன்னபடி கேட்கும். மழையில் சீக்கிரம் நிற்கும். அதிகக் குதிரை வருஷத்தில் பத்து நாள் பயன்படலாம். சொன்னபடி கேட்கும் குணமோ வீதி திரும்பும் ஒவ்வொரு தடவையும் பயன்படுகிறது.

பெருமைக்காகச் செய்யும் செலவு என்ன ஆகும் என்பதற்கும் நூர்புர்க்ரிங்கே சாட்சி. நல்ல சாலை இருந்தும் போதாதென்று, 2009-ம் வருஷம் அங்கே பெரும் பொருட்செலவில் கேளிக்கைக் கூடங்களைக் கட்டினார்கள். அதி வேகமாக ஓடும் விளையாட்டு ரயில் ஒன்றையும் அமைத்தார்கள். அந்த ரயில் 2013-ம் வருஷம் சில நாட்கள் ஓடியதோடு சரி. அதற்கு முன்பே, 2012-ல், ஸர்க்காருக்குச் சொந்தமான கம்பெனி திவாலாகிவிட்டது. 1927-ல் ஏழைத் தொழிலாளர்கள் போட்ட சாலை மட்டும் இன்றைக்கும் ஊருக்குச் சோறு போடுகிறது. குறிப்பிட்ட நாட்களில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தம் சொந்த வண்டியை அதில் ஓட்டலாம். மோதித் தடுப்பு வேலியை நசுக்கினால் அதற்கும் தனியாகக் கட்டணம் கொடுக்க வேண்டும்!

ஆகையால், வண்டியைப் பரீட்சை பார்க்கும் தினத்தில் நேரான பெரிய ரஸ்தாவில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மேடு பள்ளமுள்ள, வளைந்து வளைந்து போகும் ஒரு சாலையைத் தேடிப் பிடியுங்கள். வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் சுக்கான் கையில் உதறுகிறதா, வண்டி பக்கத்துக்கு ஒதுங்குகிறதா என்று கவனியுங்கள். முக்கியமாக, வீட்டு அம்மாளையும் குழந்தைகளையும் பின் ஆசனத்தில் உட்கார வைத்து அழைத்துப் போங்கள். ஓட்டுகிறவருக்கு எஞ்சினின் உறுமல் போதையாக இருக்கும். அவர் தீர்ப்பை நம்பக்கூடாது. வளைவு தாண்டிய பிறகும் பின்னால் பேச்சு நிற்காமல் நடந்துகொண்டிருந்தால், அந்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம்.