ஷாக் ராடில் கட்டிய பட்டு நூல்

போன மாதம் என் பட்டறைக்கு வந்த ஒரு பையன், "முன் ஷாக் மாத்தறதுல என்னா இருக்குதுண்ணா, நாலு போல்ட்டு, அரை மணி நேர வேலை" என்றான். அவன் கடை போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. நான் முப்பத்தெட்டு வருஷமாக ஆட்டோவின் முன் சக்கரத்தோடு மல்லுக்கட்டுகிறேன். வருகிற தையோடு பட்டறையை விடுவதாக இருக்கிறேன். அதற்குள் அந்த நாலு போல்ட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

கண்ணுக்குக் கண் நீளம், புஷ் அளவு, ராடின் கனம் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அளவு சரியாக இருந்தால் எந்தக் கம்பெனி ஷாக்கும் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்வதும் பொருந்துவதும் ஒன்றல்ல.

ஆட்டோக்காரர் வந்ததும் கேட்பது, "நல்லா கட்டியா ஒண்ணு போடுண்ணா, லோடு அடிக்கிறேன்." அங்கேதான் முதல் தப்பு. சவாரி மூன்று பேரும் பின் அச்சுக்கு மேலே உட்காருகிறார்கள். பாவு மூட்டை ஏற்றினாலும் பின்னால்தான். முன் சக்கரத்தின் மேல் இருப்பது ஹேண்டிலும் ஓட்டுகிறவரின் எடையில் ஒரு பங்கும். ஆள் ஏறினாலும் இறங்கினாலும் முன்னால் பெரிய வித்தியாசம் வராது. ஆகவே முன் ஷாக்கைப் பாரத்துக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ரோட்டுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மேஸ்திரி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறிக்குழியில் இறங்க மாட்டேன் என்று ஸ்பேனரைப் பிடித்தவர். வெஸ்பாவை 1946இல் வடிவமைத்த தஸ்கானியோ விமான இன்ஜினீயர் என்பதை அவர்தான் சொன்னார். அந்த வெஸ்பாவிலிருந்து 1948இல் பிறந்த மூன்று சக்கர வண்டிதான் ஆப்பே. நம் ஊர் ஆட்டோவும் அந்த வம்சம். "விமானம் தரையில் இறங்குற மாதிரி முன் சக்கரம் இறங்கணும்டா. குதிக்கக் கூடாது" என்பார்.

புது ஷாக்கை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக மாட்ட விடமாட்டார். கடையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த ஷாக்கில், காற்று எண்ணெய்க்குள் இறங்கியிருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டுத் தடவை முழுசாக அழுத்தி இழுக்க வேண்டும். முதல் இரண்டு இழுப்பில் 'பொசுக்' என்று ஒரு வெறுமை கையில் தெரியும். பிறகு எண்ணெய் பிடிக்கும். அழுத்தும்போது லேசாகவும் இழுக்கும்போது கனமாகவும் இருந்தால் உள்ளே வால்வு ஒழுங்கு. இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தால் அதை எடுத்த பெட்டியிலேயே போட்டு மூடிவிடுவார்.

மாட்டிய பிறகுதான் அவருடைய பரீட்சை. தூசிக் கூட்டைக் கழற்றிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பட்டு நூலை ராடில், எண்ணெய் சீலை ஒட்டி, நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார். ஷாக் அமுங்கும்போது சீல் அந்த நூலை ராடில் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வந்தாலும் நூல் தள்ளிய இடத்திலேயே நின்றுவிடும். ஏகாம்பரநாதர் கோயிலைச் சுற்றி, பிள்ளையார்பாளையம் சந்துகளில் சாக்கடை மூடிக் கற்கள் மேல் ஏறி இறங்கி, காந்தி ரோடு வழியாக வந்து நிறுத்துவார். குனிந்து நூலைப் பார்ப்பார். இரண்டு விரல்கடைதான் நகர்ந்திருந்தால் ஸ்பிரிங் கல். கடைசி முனைக்குப் போய் நசுங்கியிருந்தால் அடி தட்டுகிறது. இன்னும் ஒரு விரல்கடை மிச்சமிருக்கும் இடத்தில் நூல் நின்றால்தான் வண்டியை விடுவார். ஒரு வண்டிக்கு ஒரு நாள் முழுக்கப் போன சமயமும் உண்டு.

நான் அவர் சொல்லை ஒரே ஒரு தடவை மீறினேன். 2019 அத்திவரதர் வைபவம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள், ஒரு கோடிக்கும் மேல் ஜனம். ஓட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் ஆள் தொங்கிக்கொண்டு வண்டிகள் ஓடின. ஒருவர் வந்து கட்டி ஸ்பிரிங் கேட்டார். முன்னால் ஆள் உட்காருகிறதே என்று நானும் போட்டுவிட்டேன். ஷாக் பழையது. அந்த ஸ்பிரிங்கின் உதையை அடக்கும் எண்ணெய் பலம் அதற்கு இல்லை. நூல் கட்டிப் பார்க்க நேரமும் இல்லை. ஆள் நிறைந்திருந்தவரை வண்டி நன்றாகத்தான் போனது. ராத்திரி செவிலிமேட்டுப் பக்கம் காலி வண்டியாகத் திரும்பும்போது வேகத்தடையில் முன் சக்கரம் எகிறியது. ஹேண்டிலைத் திருப்பிய நேரத்தில் சக்கரம் தரையில் இல்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி சரிந்து படுத்தது. அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்ததற்கு நான் காசு வாங்கவில்லை. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது ஸ்பிரிங் தளர்ந்தால் அடியில் வாஷர் வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆட்டோக்காரரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் ஸ்பிரிங் தளர்ந்தது தளர்ந்ததுதான். எண்ணெய் கசிகிற ஷாக்கைத் துணியால் துடைத்து, 'இன்னும் ஓடும்' என்று அனுப்புகிறார்கள். வண்டியின் மூக்கை அழுத்தி விட்டால் ஒரு தரம் எழும்பி அடங்க வேண்டும். மூன்று தரம் ஆடுகிற வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் டீக்கடையில் உட்கார முடியவில்லை.

பேட்டரி ஆட்டோ வந்துவிட்டது, இனி இந்த வேலையெல்லாம் எதற்கு என்றும் அந்தப் பையன் கேட்டான். பேட்டரி வண்டிக்கும் முன்னால் சக்கரம் ஒன்றுதான். வேகத்தடையும் அதே வேகத்தடைதான்.

மேஸ்திரி போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் வீட்டில் கடைசித் தறியும் நின்றுவிட்டதால் கழிவு நூலுக்கு இப்போது வேறு வீடு தேடிப் போகிறேன். நேற்று ஒரு கண்டு வாங்கி வந்தேன். பாதியை அந்தப் பையனுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.